டெய்சிக்கு ஒடித்த குழை

வேல்ஸ் நாட்டில் நான் குடியிருக்கும் சிற்றூரில் ஆடுகளுக்குப் பெயர் உண்டு, சாப்பாட்டு நேரமும் உண்டு. பக்கத்து வீட்டு மார்கரெட் தன் டெய்சிக்குச் சாக்கிலிருந்து தீனியை அளந்து போடுவார். வேலியோரம் பச்சைப்பசேலென்று மரங்கள் தழைத்துக் கிடக்கும். ஆனால் ஒருவரும் ஒரு கொப்பை ஒடித்து ஆட்டுக்கு நீட்டி நான் பார்த்ததில்லை. காரைக்குடியிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "வாயில்லாச் சீவன் நாள் பூராம் அண்ணாந்து பாக்குது. ஒரு குழை ஒடிச்சுப் போட ஆளில்லையா இந்த ஊர்ல?"

அப்பா தச்சு வேலைக்காரர். எந்த மரம் எதற்கு ஆகும் என்பதோடு, எந்த மரத்தை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்பதும் அவருக்கு அத்துப்படி. இலுப்பைப் பூவுக்கு வௌவால், பட்ட பனையின் பொந்தில் கிளி, கொடுக்காப்புளிக்கு அணில், கண்மாய்க் கருவேல மரங்களில் கொக்கு. வாகை நெற்று உதிர்ந்தால் நம் பக்கத்து ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. புதுவயல் சாலையில் ஆடு குறுக்கே வந்தால் அப்பா சைக்கிளை நிறுத்தி, கைக்கெட்டிய வேப்பங்கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போவார். யாருடைய ஆடு என்று கேட்கமாட்டார். அதை ஓர் உதவி என்றுகூட அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

இங்கே பேச்சுத்துணை இல்லாமல், "டிக்கெட்டை மாத்திப் போடு தாயி" என்று நச்சரித்துக்கொண்டிருந்தவர், டெய்சியோடு சிநேகமான பிறகுதான் கொஞ்சம் அடங்கினார். ஒரு சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போன நேரத்தில், எங்கள் சுவரோரப் புதரில் ஒரு கை குழை ஒடித்து அதற்கு ஊட்டியிருக்கிறார். சாயங்காலம் டெய்சி பச்சையாக நுரை கக்கி, பல்லை நறநறவென்று கடித்தபடி படுத்துவிட்டது.

"என்னப்பா குடுத்தீக?"

"பலா இலை கணக்கா தடிமனா, பளபளன்னு இருந்துச்சும்மா. பலா இலைன்னா ஆடு அடிச்சுக்கிட்டுத் திங்குமே."

அது ரோடோடென்ட்ரான். அதன் ஊதாப் பூக்களைப் படமெடுத்து வருடாவருடம் ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆட்டுக்கு அது நஞ்சு என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆடு போய்விட்டால் மார்கரெட் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது என் பயம். அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டு, "ஊட்டி விட்டேனே" என்றார்.

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்த மார்கரெட் எங்கள் பக்கம் திரும்பி, "டீ! ஸ்ட்ராங் டீ! சீக்கிரம்!" என்று கத்தினார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா திகைத்தார். "ஆடு சாகக் கெடக்கு, இந்தம்மா டீ கேக்குறாக. பாவம், கிறுகிறுன்னு வருது போல. சீனி கூடப் போட்டுக் கொண்டா." நானும் அப்படியே நம்பி, ஏலக்காய் தட்டி, பால் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். மார்கரெட் டம்ளரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, "எனக்கில்லை, டெய்சிக்கு" என்றார். பால் சேர்க்காத கடும் டீ, இந்த இலை நஞ்சுக்கு இங்கே ஆடு வளர்ப்பவர்களின் கைவைத்தியமாம். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி போட்டு ஆற்றிக் கொடுத்தேன். அப்பா டெய்சியின் தாடையைப் பிடித்துக்கொள்ள, மார்கரெட் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பிறகு வந்த மருத்துவர் கரித்தூள் கரைசலைப் புகட்டி, ஊசி போட்டு, விடிந்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல். செருப்புகூடப் போடாமல் ஓடினோம். டெய்சி எழுந்து நின்றுகொண்டிருந்தது. அப்பா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து, "குன்றக்குடி முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மார்கரெட்டுக்குக் கோபம் ஒன்றுமில்லை. நேற்றைய ஏலக்காய் டீயைக் கடைசியில் தானே குடித்ததாகச் சொல்லி, இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்.

டெய்சிக்குப் புத்தி வரவில்லை. நேராக அப்பாவிடம் வந்து கழுத்தை நீட்டியது. அவர் எழுந்து, பழக்க தோஷத்தில் கையை மேலே தூக்கினார். கொப்பைத் தொடுமுன் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீதானே இந்த ஊர்க்காரி. சொல்லு தாயி, இதுல எதை ஒடிக்கலாம்?"

சுற்றிலும் நான் தினம் பார்க்கும் மரங்கள்தான். ஒன்றின் பெயரும் வாயில் வரவில்லை. நான் மார்கரெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.