மரகதத்தின் ஸ்லைடும் ஒரு கல்யாணமும்

1. அடி முதல் மேல் வரை

குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பயாப்ஸி லேப் டெக்னீஷியன். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது வேலை. தேயிலை விலை விழுந்து ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிய வருஷங்களில் எங்கள் லேபுக்கு மட்டும் வேலை குறையவில்லை. கஞ்சிக்கு வழி தேடுகிறவர்கள் நோய் முற்றும்வரை ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார்கள்.

மரகதம் அப்படி முற்றி வந்தவர் அல்ல. கர்ப்பப்பை வாயில் கட்டி, ஆரம்பக் கட்டம். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். அங்கே நர்ஸைக் கூப்பிட்ட பழக்கத்தில் என்னையும் 'மிஸ்ஸி' என்பார்.

அப்போது எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சிக்காக எம்.சி.எம். சாயம் வரவழைத்திருந்தார். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். அந்த நகலைத் தொடங்கி வைக்கிற ஜீன்களில் எம்.சி.எம். ஒரு கூட்டம். அவை வேலையில் இருக்கும் செல் பழுப்பாகத் தெரியும். நல்ல சதையில் அடி வரிசைகளில் மட்டும் பழுப்பு. மேலே போகப் போக அணைந்துவிடும். மரகதத்தின் ஸ்லைடில் அடி முதல் மேல் வரை பழுப்பு. நிறுத்த ஆளில்லாமல் நகல் ஓடினால் பிழை சேரும். பிழை சேரச் சேர, இடம் விட்டுக் கிளம்பி வேறு உறுப்பில் குடியேறுகிற செல்லும் அதில் பிறக்கும். தள்ளிப்போடக் கூடாத கட்டி.

டாக்டர் கவுண்டரில் நின்றபடியே சொன்னார்: "ஏனுங்கம்மா, டி.என்.ஏ.வை காப்பி எடுக்கற ஜீன் உங்க கட்டியில ஓவரா வேலை செய்யுதுங்க. கோயமுத்தூர் போயி கரண்டு வெக்கோணும். இப்பவே வெச்சா கொணமாயிருமுங்க."

கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் இங்கே கரண்டு வைப்பது என்பார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

2. தை கழிந்து

மரகதம் கோயமுத்தூர் போகவே இல்லை. ஆள் விட்டுக் கேட்டதற்கு, "இப்ப சொகந்தான்" என்று பதில் வந்தது. தை கழிந்து அவரே வந்தார். இருமலில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தோம், நுரையீரல் இரண்டிலும் பரவியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் லேப் என்றும் பார்க்கவில்லை. "உங்களுக்கு என்னங்க புத்தி கெட்டுப்போச்சா? கொணமாகற வியாதிய ஏனுங்க ஊட்டுல வெச்சுக் கும்பிட்டீங்க?"

"கோவிக்காதீங்க மிஸ்ஸி. மக கல்யாணம் இருந்துச்சு, தையிலதான் முடிஞ்சிச்சு. தோட்டத்தயும் மூடிட்டாங்க, லயத்து வீட்டுல கெடந்து அவ என்னத்தக் காணப்போறா? திருப்பூர்ல நல்ல எடம் தானா வந்துச்சு. அன்னைக்கி டாக்டரய்யா ஜீனுன்னு சொன்னாங்கல்ல? அப்படின்னா என்னான்னு அவகிட்டதான் கேட்டேன். பன்னெண்டு படிச்ச புள்ள. 'தாய் தகப்பன்கிட்டருந்து புள்ளைக்கு வர்றதும்மா'ன்னா. எதுக்குக் கேட்டேன்னு அவளுக்குத் தெரியாது. நான் கோயமுத்தூர்ல போய்ப் படுத்தா மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சிரும். மகளுக்கும் வரும்னு வேணாம்னுட்டா?"

அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்து ஸ்லைடைக் காட்டினேன்.

"இந்த ஜீன் எங்கிட்டயும் இருக்குதுங்க, டாக்டர்கிட்டயும் இருக்குதுங்க. இது இல்லாட்டி வெட்டுக்காயம்கூட ஆறாது. புள்ளைக்கு வர்ற புத்துநோயும் உண்டு, உங்களுது அதில்லீங்க. இது கெட்டது இந்தக் கட்டிக்குள்ள மட்டுந்தான்."

"மெய்யாவா மிஸ்ஸி? அவளுக்கு வராதா?"

"உங்ககிட்டருந்து வராதுங்க."

மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிரிப்பும் கூடவே வந்தது. அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு முகத்தை அந்த லேபில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எக்ஸ்ரேயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடிக்கு முன் போய்விட்டார். மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அம்மா ஏன் மிஸ் அப்பவே கோயமுத்தூர் போகல?"

"கரண்டுக்குப் பயந்துட்டாங்க கண்ணு," என்றேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜீன் என்று வாயெடுத்தால், அது பிள்ளைகளுக்குப் போகுமா போகாதா என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர்கள் நம்மிடம் கேட்கமாட்டார்கள். வீட்டில் போய்க் கேட்டுக்கொள்வார்கள்.