வலப்பக்கம் மஞ்சள் காடு

1. தூக்குப்போசி

ஜேடர்பாளையம் பக்கம் போர்வெல் ரிக் ஓட்டும் முதலாளி ஒருவர், தன் சொந்த நிலத்திலேயே கோல்ஃப் பழக மைதானம் போட்டார். பயிற்சியாளராகப் போன முதல் நாளே எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அடிக்கும் இடத்துக்கு வலப்பக்கம் மஞ்சள் காடு. பெண்கள் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வலை இல்லை.

"வலையெல்லாம் அப்பறம் கட்டிக்கலாமுங்க மாஸ்டர். நான் நேராத்தான் அடிப்பேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் தடுப்பதற்குள் டிரைவர் என்கிற பெரிய மட்டையைச் சுழற்றிவிட்டார்.

பந்து நேராகக் கிளம்பிப் பாதியில் வலப்பக்கம் வளைந்தது. ஸ்லைஸ் என்பது இதுதான். "தலை! தலை!" என்று கத்தினேன். காட்டுக்குள் 'டங்' என்று சத்தம்.

களை வெட்டிய பாவாயி எழுந்து, நசுங்கிய தூக்குப்போசியைத் தூக்கிக் காட்டினார். "ஏனுங்க, சோத்துப் போசியோட போச்சு. இதே என்ற மண்டையா இருந்தா?"

2. செருப்பு

முதலாளிக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் அடுத்த பந்தை வைத்தார். "இப்ப நல்லா இடப்பக்கமாத் திரும்பி நிக்கறனுங்க. அந்தப் பக்கம் போவாது."

ஓடிப்போய் மட்டையைப் பிடுங்கினேன். ஸ்லைஸ் அடிப்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. வலப்பக்கத்துக்குப் பயந்து உடம்பை இடப்பக்கம் திருப்பினால், மட்டை பந்தைக் குறுக்கே வெட்டும். வெட்டுப்பட்ட பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கமே வளையும். பயந்த இடத்துக்கே பந்தை அனுப்பி வைக்கிற வேலை அது.

"ரிக்கு சாஞ்சு நின்னா போரு கோணற மாதிரிங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் நின்று அடிக்கும் பாயைத் தூக்கி, ஆளே இல்லாத பாறை நிலத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். இடது கைப்பிடியைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினேன். பந்துக்கு வெளிப்பக்கம் அவர் செருப்பையே வைத்தேன். குறுக்கே வெட்டினால் மட்டை செருப்பில் இடிக்கும். அந்த வாரம் முழுக்கச் செருப்பு பறந்தது. பிறகு ஒருநாள் செருப்பு அசையவில்லை. பந்து நேராகப் போனது.

3. பாவாயி கேட்டது

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பாயைப் பழைய திசைக்கே மாற்றச் சொன்னார். வலை வராமல் மாற்ற மாட்டேன் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேன்.

"பாவாயி, இப்ப நேராத்தான் போவுது. நீங்க பாட்டுக்குக் களை வெட்டுங்க" என்று காட்டைப் பார்த்துக் கத்தினார்.

பாவாயி களைக்கொத்தைக் கீழே போட்டார். "அவ்வளவு நம்பிக்கைங்களா சாமி? அப்ப உங்க ஊட்டம்மாவக் கூட்டியாந்து இங்க நிறுத்திப்போட்டு ஒண்ணு அடிங்க. நாங்க ஓரமா நின்னு பாக்கறோம்."

முதலாளி மட்டையைத் தூக்கவே இல்லை. மறுநாள் வலைக்குக் கம்பம் வந்து இறங்கியது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஸ்விங் என்கிற மட்டை வீச்சைத் திருத்துவது அப்புறம். முதலில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே உங்கள் வீட்டு ஆளை நிறுத்த மனம் வராவிட்டால், அடிக்க விடாதீர்கள்.