தேநீர் டப்பாப் பெண்ணின் வலது கை

அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் என் உடன்பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி. கீழ்த்தளத்தில் அவர்கள், மாடியில் நாங்கள், சமையலறை மட்டும் கீழே ஒன்றே ஒன்று. இரண்டு ஓரகத்திகள் ஒரே அடுப்பில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று உறவினர்கள் பந்தயம் கட்டாத குறை. நாங்கள் தாக்குப்பிடித்தோம். அவளுக்குச் சமையலில் அக்கறை கிடையாது, எனக்கு ஓவியத்தில் கிடையாது. அதனால் சண்டை போட விஷயமே இருக்கவில்லை.

அவள் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பள்ளி விட்டு வந்ததும் சமையலறை மேசையின் ஒரு மூலையைத் துடைத்துத் தன் காகிதத்தை விரிப்பாள். மறு மூலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

"கையைக் கொஞ்சம் அப்படியே வை," என்பாள்.

"வெங்காயம் வெட்ட வேண்டாமா?"

"வெட்டு. ஆனா மெதுவா வெட்டு."

எந்தப் படத்துக்காக என் கையை வரைந்தாள் என்று நான் கேட்டதில்லை. முடித்த படங்களை மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவாள். யாராவது காட்டச் சொன்னால், "இன்னும் காயல," என்பதுதான் பதில். பல வருடத்துப் படங்கள்கூடக் காயாமலேயே இருந்தன.

எங்கள் ஊர் நூலகத்தின் முன்கூடத்தில் நீளமான சுவர் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர் ஓவியர் ஒருவருக்கு அதைக் கொடுப்பார்கள். அக்கா விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள், சுவரும் வேறு யாருக்காவது போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக அவள் முறை வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இப்போதாவது படங்கள் காயுமா என்று அவள் கணவர் கேலி செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் தூரிகைகளைப் போட்டு வைக்க, பழைய பொருள் கடையிலிருந்து ஒரு தேநீர் டப்பாவை வாங்கி வந்தாள். அதன் மேல் ஒரு பெண் கோப்பையை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் நீண்ட வால் வைத்த கையெழுத்து. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்து டப்பா, சோப்பு உறை, நாட்காட்டி எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்து இருந்தது. ஓவியக் கூடம் ஒன்றை நடத்திய முதலாளியுடையது அது.

அக்கா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வலது கையில் ஒரு கோப்பையைத் திணித்தாள்.

"இவ மாதிரி பிடி."

பிடித்தேன். அப்படி இல்லை என்றாள். மணிக்கட்டைத் திருப்பினேன், முழங்கையைத் தூக்கினேன், தோளையே சாய்த்துப் பார்த்தேன். வரவில்லை. கட்டைவிரல் எப்போதும் தவறான பக்கத்தில் போய் நின்றது.

"அக்கா, கை சுளுக்கிடும். இவளுக்கு எலும்பே இல்ல போல."

"எலும்பு இருக்கு. ரெண்டும் இடது கை, அதான்," என்றாள் அவள்.

உண்மைதான். அந்தப் பெண்ணின் வலது முழங்கை முடிந்த இடத்தில் இருந்தது ஓர் இடது கை. பார்த்தவுடன் தெரியாது, தெரிந்த பிறகு வேறெதுவும் கண்ணில் படாது.

அதன் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. பழைய காகிதக் கடைகளில் புழுதி தின்று, சோப்பு உறைகளும் நாட்காட்டித் தாள்களுமாகச் சேர்த்தாள். எல்லாவற்றிலும் அதே வால் கையெழுத்து. பலவற்றில் கைகள் சரியாக இருந்தன, சிலவற்றில் மட்டும் அந்தத் தவறு. தவறிய கைகளிலெல்லாம் சுண்டுவிரல் நுனி ஒரே மாதிரி உள்ளே வளைந்திருந்தது. எனக்குப் புரியும்படி அவள் சொன்னது இது: வரைந்தவர் வலது கையில் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, மாதிரிக்கு ஆள் இல்லாமல், தன் இடது கையையே பார்த்து வரைந்திருக்கிறார். அந்த நபருக்குச் சுண்டுவிரல் கோணல்.

முதலாளி உயிரோடு இல்லை. அவர் மகன் அதே கட்டடத்தில் அச்சுக் கடை வைத்திருந்தார். அக்காவுடன் நானும் போனேன். சுவரில் முதலாளியின் பெரிய புகைப்படம். மேசை மேல் இரண்டு கைகளையும் பரப்பி உட்கார்ந்திருந்தார். பத்து விரல்களும் பென்சில் மாதிரி நேராக இருந்தன. மகன் பேசிய நேரமெல்லாம் அக்கா அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அப்பா கைவண்ணம்தான் என்றார் மகன். பின்னறையில் இரண்டு பெண்கள் இருந்தார்களாம், சும்மா வண்ணம் அடிக்க.

"அவங்கள்ல யாருக்காவது விரல் கோணலா இருந்துச்சா?"

"ஆமா, கோணவிரல்னுதான் கூப்பிடுவாங்க. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல தையல் கடைல இருக்காங்க இப்போ."

இத்தனை சுலபமாகச் சொன்னதற்குக் காரணம், அதில் மறைக்க ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றாததுதான். பரணில் கிடந்த மூல ஓவியங்களைக்கூடக் கொடுத்தனுப்பினார். நூலகச் சுவரில் இவற்றை மாட்டி, வரைந்த பெண்ணின் பெயரைப் போடப்போகிறேன் என்று அக்கா சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

"அந்தம்மா நேர்ல வந்து, நான்தான் போட்டேன்னு சொல்லட்டும் மேடம். இல்லைன்னா எங்க அப்பா பேர்தான் போடணும்."

நியாயம்தான் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நூலகத்துக்கு எழுதிப் போட்டாள், சுவரில் தன் படங்கள் இல்லை, இவைதான் என்று. அவள் கணவர் அன்று கேலி செய்யவில்லை. இன்னொரு முறை சுவர் கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று மட்டும் கேட்டார். என் படம்தான் இன்னும் காயலையே என்றாள் அக்கா.

தையல் கடையில் என் கணவரின் கால்சட்டை ஒன்றைச் சாக்காகக் கொண்டுபோனோம். வாசலோரம் ஒரு வயதான பெண்மணி மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். துணியை வாங்க இடது கையை நீட்டினார். அந்தச் சுண்டுவிரலை நான் அதற்குள் இருபது படங்களில் பார்த்துவிட்டேன். தான் ஓவிய ஆசிரியை, நூலகச் சுவரில் இவற்றை மாட்டப் போகிறேன் என்று தலைகால் புரியாமல் கொட்டிவிட்டு, அக்கா டப்பாவை மேசை மேல் வைத்தாள். கூடவே, அந்தக் கையை மட்டும் தனியாகப் படமெடுத்து, ஒரு சன்னல் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்த தாளையும் விரித்தாள். கண்காட்சியின் நடுவில் மாட்டுவதற்காக அவள் ஆசை ஆசையாகச் செய்தது அது.

அந்தம்மா தாளைப் பார்த்தார். டப்பாவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இத்தனை போட்டதுல இதையா பெருசாக்கிக் கொண்டுவந்தே?"

அந்தம்மா ஊசியைக் கீழே வைக்காமலே மீதியைச் சொன்னார். சின்ன உறைகளில் கை மாறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒருமுறை சோப்பு நிறுவனத்துக்காக ஆளுயர விளம்பரப் படம் ஒன்று போனது. அச்சான பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். அழகான பெண், இரண்டும் இடது கை. கடைவீதியெல்லாம் சிரிப்பு. முதலாளி அவரைப் பின்னறையிலிருந்து முன்னால் கூப்பிட்டு, நிறுவனத்து ஆட்கள் எதிரில் நிறுத்தினாராம்.

"நாங்க போட்ட எதுக்கும் எங்க பேரைச் சொன்னதில்ல. அந்த ஒரு படத்துக்குத்தான் சொன்னாங்க, இவதான் போட்டான்னு. அன்னிக்கே வீட்டுக்குப் போன்னுட்டாங்க. இப்போ நீ நூலகத்துல வச்சு ஊருக்கே சொல்லப் போறியா?"

கால்சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். தைக்கவே இல்லை.

அந்தம்மா வராவிட்டால் சுவர் முழுக்க முதலாளியின் பெயர்தான். அக்கா தன் சுவரையும் விட்டுக்கொடுத்து, அதில் முதலாளி புகழையே இன்னொருமுறை எழுதி வைத்தது போல் ஆகும். ஆனால் அவளை அரித்தது அது இல்லை. அந்தம்மா டப்பாவைத் திருப்பி வைத்ததைத்தான் பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெரிதாக்கிய தாளைக் கிழித்துப் போட்டாள். அடுத்த விடுமுறையில் மூல ஓவியங்கள் எல்லாவற்றையும் இரண்டு கட்டுகளாகக் கட்டி, மறுபடி தையல் கடைக்குக் கிளம்பினாள். வெளியே தள்ளினால் கட்டைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

"நீங்க வர வேண்டாம். பேரும் போட வேண்டாம். எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்," என்றாள் அக்கா.

அந்தம்மா முதல் கட்டைப் பிரித்தார். கை மாறிய படங்கள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். பிறகு மற்றக் கட்டைக் காட்டி, அது ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டார்.

"அது முதலாளி வரைஞ்சதும்மா."

"யார் சொன்னா?"

"கை சரியா இருக்கே."

அந்தம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதன்முறையாகச் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"டீச்சரம்மா, அவருக்குக் கண்ணு மூக்குகூட ஒழுங்கா வராது. கையெழுத்து போடத்தான் வரும்."

அந்தக் கட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தன் முன்னால் வைத்தார். குடை பிடித்த பெண். கண்ணாடியில் பார்த்தால் இடது கையே வலது கையாகத் தெரியும், ஆனால் பின்னறையில் கண்ணாடி கிடையாதாம். வைத்தால் வேலையை விட்டுவிட்டு முகம் பார்ப்பார்கள் என்று முதலாளி எடுத்துவிட்டார். அதனால் வலது கை வரையவேண்டும் என்றால் அந்தம்மா பின்னறையின் இன்னொரு பெண்ணிடம் கேட்பார். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். அவள் வரையும்போது இவர் நீட்டுவார். அவளைப் பின்னறையில் மச்சக்காரி என்பார்கள். புறங்கையில் மச்சம். குடை பிடித்த கையில், விரல் கணுவுக்குப் பக்கத்தில், கடுகளவு மச்சம் இருந்தது. அக்கா அதை அதுவரை மைக் கறை என்று நினைத்திருந்தாள்.

"அவ பிள்ளை பெறப் போயிருந்தப்போதான் நான் என் கையைப் பாத்தே போட்டேன். தப்பா இருக்கிறதெல்லாம் தனியா உக்காந்து போட்டது. சரியா இருக்கிறதெல்லாம் ரெண்டு பேரா போட்டது."

கடைக்குள் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கவிழ்ந்து கிடந்த படங்களையும் குடைக்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சக்காரி இப்போது எங்கே என்று கேட்டாள். போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது என்றார் அந்தம்மா. அப்புறம் அவராகவே சொன்னார், வருகிறேன் என்று. ஆனால் அவள் பெயர்தான் முதலில் இருக்கவேண்டும். கை மாறிய படங்களில் ஒன்றையும் மாட்டலாம், கடைசியில், சின்னதாக.

"அவ இல்லாதப்போ என்ன ஆச்சுன்னும் தெரியட்டும்."

வழியெல்லாம் அக்கா தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "தப்பா இருந்தா பொம்பள போட்டது, சரியா இருந்தா ஆம்பள போட்டது. நானே அப்படித்தானே கட்டு பிரிச்சு வச்சேன்?" நான் சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

கண்காட்சிக்கு அந்தம்மா வந்தார். அச்சுக்கடைக்காரர் முன் நின்று, "நாங்கதான் போட்டோம்," என்றார்.

"முகமுமா?" என்று கேட்டார் அவர்.

"முகமும்தான். உங்க அப்பா காத்தாடிக்குக் கீழ உக்காந்திருப்பார்."

அவர் சொன்ன சொல் மாறவில்லை; சுவரில் மச்சக்காரியின் பெயர் முதலிலும் அந்தம்மாவின் பெயர் அடுத்தும் இருந்தன. அந்த நாட்களில் நூலகத்துக்கு வந்தவர்கள் கடைசிப் படத்தின் முன் நின்று, தங்கள் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெரிய மனிதர்கள்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டை முறுக்கினார்கள். அக்கா தூணோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் படங்கள் தொங்கியிருந்தால்கூட அப்படி மகிழ்ந்திருப்பாளா, தெரியவில்லை.

இந்த மழைக்காலம் தொடங்கும் முன் அக்கா போய்விட்டாள். பள்ளியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். மருத்துவமனை போகும் வரைக்கும் தாங்கவில்லை.

இந்த வருடச் சுவரை அவளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது நூலகம். எதை மாட்டுவது என்று தெரியாமல் அவள் கணவர் தவித்தார். நான்தான் அந்தம்மாவைக் கூட்டி வந்தேன். மாடிப்படி அறையில் மூவருமாகப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினோம். கதவு தட்டும் பெண், செய்தித்தாள் படிக்கும் பெண், மழையில் குடையை மடக்கும் பெண். முகங்கள் வேறு வேறு. வலது கை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், கட்டைவிரலில் கத்தி கீறிய பழைய தழும்போடு.

அந்தம்மா என் கையைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்றேன்.

"மச்சக்காரியும் அப்படித்தான் சொல்வா, சும்மா உக்காந்திருந்தேன்னு," என்றார்.

கடைசிப் படம் முடியாமல் நின்றிருந்தது. சன்னலைத் திறக்கப் போகும் பெண். வலது மணிக்கட்டோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் வெறும் காகிதம். அந்த வாரம் நான் காய்ச்சலில் மாடியில் படுத்திருந்தேன். அக்காவின் இடது கை சும்மாதான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து அவள் வரையவில்லை.

யாரையாவது வைத்து முடிக்கலாமா என்று அவள் கணவர் தயங்கிக் கேட்டார். யாரும் தொடக் கூடாது என்றார் அந்தம்மா. அதை அப்படியே மாட்டப் போகிறோம்.

சமையலறை மேசையின் அந்த மூலையை இப்போதும் துடைத்து வைக்கிறேன். கத்தி எடுத்தால் இன்னமும் கை தானாக மெதுவாகிறது.