கப்பல்காரன் மகளுக்கு ஒரு கால அட்டவணை

அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பனியில் பத்தொன்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் மார்லிஸ் நியெமி. ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் தெருக்களில் வண்டி வழுக்கினாலும் அவள் பதற மாட்டாள். நவம்பரில் கணவன் டுவேனின் வக்கீல் அனுப்பிய விவாகரத்து மனுவைப் பிரித்தபோதுதான் பதறினாள்.

கடல் போல விரிந்த அந்த ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பலில் டுவேனுக்கு வேலை. மார்ச்சில் ஏறினால் ஜனவரியில் ஏரி உறையும்போதுதான் இறங்குவான். பிரிந்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்து பேசி முடித்ததுதான். ஆனால் மனுவில், ஒன்பது வயது மகள் கெய்ஸா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு அப்பாவோடு இருப்பாள் என்று போட்டிருந்தது. பதில் கொடுக்க முப்பது நாள் கெடு.

மார்லிஸ் பதினோரு பக்கம் எழுதினாள். அவன் வராத பிறந்தநாட்கள், எடுக்காத போன், கெய்ஸா கையை முறித்துக்கொண்ட அன்று தான் ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரிக்கு ஓடியது, எல்லாம் அதில் இருந்தது. வக்கீல் வைக்காதவர்களுக்கு உதவ நீதிமன்றத்தில் ஒரு மேசை உண்டு. அந்தத் தாள் கட்டோடு அங்கே போனாள். மேசையில் இருந்த ரொபெர்ட்டா டெஃபோ அவளைவிட பதினைந்து வயதாவது சின்னவள்.

"இத ஜட்ஜ்கிட்ட சேக்கணும்மா."

ரொபெர்ட்டா இரண்டு பக்கம் படித்தாள். "இந்த மாநிலத்துல விவாகரத்துக்கு யார் மேல தப்புன்னு கேக்கறதே இல்லீங்க. இனிமே ஒட்டாதுன்னு ஒருத்தர் சொன்னாலே போதும்."

"அப்ப நான் பட்டதெல்லாம்?"

"பட்டீங்க, இல்லேங்கல. ஆனா ஜட்ஜ் பாக்கறது பொண்ணுக்கு எது நல்லதுன்னு. அவ எங்க இருப்பா, யார் கூட்டிட்டுப் போவாங்க, படிப்பு, வைத்தியம் எல்லாம் யார் முடிவு பண்ணுவாங்க, இதத்தான்."

"சரி, என்ன எழுதட்டும்? நீயே சொல்லு."

"எந்தப் படிவம்னு சொல்லுவேன். என்ன எழுதணும்னு சொல்றது வக்கீல் வேலை; நான் சொன்னா என் வேலை போயிடும்."

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிவங்களை வாங்கிக்கொண்டு போய்க் காலிப் பேருந்தில் உட்கார்ந்தாள். எதிரே வழித்தடத் தாள் தொங்கியது: எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு ஏறும், பனி கொட்டினால் மாற்று நிறுத்தம் எது. வெகுநேரம் அதையே பார்த்தாள். 'தினம் நாப்பது பிள்ளைங்களுக்குச் செய்யறேன், ஒருத்திக்குச் செய்ய மாட்டேனா?' என்று பேனாவை எடுத்தாள். கெடு முடியுமுன் பதிலைத் தாக்கல் செய்தாள்.

ஜனவரிக் கடைசியில் சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். சமரசம் செய்துவைப்பவர் ஒருவர், டுவேன், அவன் வக்கீல், எதிரே தனியாக மார்லிஸ். சனி ஞாயிறு ஏற்பாடுதான் வழக்கம் என்றார் வக்கீல்.

"கப்பல்காரனுக்கு ஏது சார் சனி ஞாயிறு? ஜூலைல ஏரி நடுவுல நிக்கற மனுஷன் பிள்ளையக் கூட்டிட்டுப் போக நீந்தியா வருவாரு?"

டுவேன் பக்கென்று சிரித்துவிட்டான். வக்கீல் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

மார்லிஸ் தன் தாளைத் தள்ளினாள். கப்பல் கட்டிக்கிடக்கும் குளிர்காலம் முழுக்க கெய்ஸா அப்பா வீட்டில்; மற்ற மாதங்கள் அம்மாவிடம். கப்பல் டுலூத்துக்கு வரும் நாளில், முந்தின நாளே சொன்னால், அப்பாவோடு சாப்பாடு.

டுவேன் இரண்டு தடவை படித்தான். "குளிர்காலம் மொத்தமும் எனக்கா? நீ தரவே மாட்டேன்னு நெனச்சேன்."

"உனக்கு இல்ல, அவளுக்கு. உறைஞ்ச ஏரியில துளை போட்டு மீன்பிடிக்கக் கூட்டிட்டுப் போக அவளுக்கு வேற யாரு இருக்கா?"

கீழே ஒரு வரியில் அவன் விரல் நின்றது. படிப்பும் வைத்தியமும் தாயே முடிவு செய்வாள் என்ற கட்டத்தில் அவள் குறியிட்டிருந்தாள். "என் கையெழுத்தே வேண்டாமா மார்லிஸ்? நான் அவளுக்கு யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். முறிந்த கை, எடுக்காத போன், எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. பேனாவை எடுத்து அந்தக் குறியின் மேல் கோடு போட்டு அடித்தாள். "ரெண்டு பேரும்தான். ஆனா மூணு நாளுக்குள்ள பதில் வரலேன்னா நானே முடிவு பண்ணுவேன். அவசரம்னா மூணு நிமிஷம்கூட நிக்க மாட்டேன்."

"சரிதான். அதுவும் நியாயந்தான்."

மார்ச்சில் நீதிபதி கையெழுத்திட்டார். அடுத்த குளிர்காலம் கெய்ஸா பையோடு கிளம்பிப் போனதும், வீடு வெறிச்சென்று இருந்ததில் மார்லிஸ் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பழகிக்கொண்டாள்.

பன்னிரண்டு வயதில் கெய்ஸா பனி ஹாக்கி அணியில் சேர்ந்தாள். பழைய ஏற்பாடு பயிற்சி நாட்களோடு முட்டியது. ஒரு கடையில் மூவரும் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பேஸ்டியைத் தின்றுகொண்டே மாற்றி எழுதினார்கள். இந்தத் தடவை பெரும்பாலும் எழுதியது கெய்ஸாதான். தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட, மார்லிஸ் அதை நீதிமன்றத்தில் தானே கொண்டுபோய்த் தாக்கல் செய்தாள்.