உட்கார்ந்திருக்கக் கற்ற ஜோஸ்பின் டீச்சர்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஜோஸ்பின் டீச்சரிடம் ஒரு காரியத்தை முடியாது என்று சொல்லித் தப்பித்தவர் கிடையாது. தலைமையாசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். டீச்சர் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. அப்பேர்ப்பட்டவளை ஆட்டிவைத்தது ஒரே ஒரு கேள்வி. தனக்குப் பிறகு அமலனை யார் பார்ப்பார்கள்?

அமலன் அவளுடைய ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது, ஆறடி உயரம். அறிவு மட்டும் ஐந்தாறு வயதோடு நின்றுவிட்டது. பல் தேய்த்துவிடுவது, சட்டை மாட்டிவிடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாம் அம்மாதான். கணவர் பாஸ்கல் மாரடைப்பில் போனபோது துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள், அமலனைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்கள். டீச்சர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

2003இல் அவர்கள் தேவாலயப் பங்கிலிருந்து இலங்கைக்கு ஒரு யாத்திரை கிளம்பியது. அங்கே சண்டை ஓய்ந்திருந்த நேரம். ஏற்பாடு செய்தவர் பங்குப் பேரவைச் செயலாளர் பிராங்கிளின்; எங்கே போனாலும் முதலில் போட்டோவுக்கு இடம் பார்க்கிற மனிதர். கொழும்பில் அந்தோணியார் கோயில், கண்டி ஏரி, பேராதனைப் பூங்கா, கடைசி நாள் நீர்கொழும்புப் பக்கம் ஓர் இல்லத்தில் மதியச் சாப்பாடு. அமலனைப் போன்ற பெரிய பிள்ளைகள் தங்கும் இல்லம் அது. அந்த ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. அதைக் கேட்டதும் டீச்சர் இரண்டு பெயர் கொடுத்தாள்.

"டீச்சர், பிளேன்ல தம்பி சத்தம் போட்டா என்ன செய்ய? யாருகிட்டயாச்சும் விட்டுட்டு வாங்களேன்" என்றார் பிராங்கிளின்.

"யாருகிட்ட விடுறதுன்னு பாக்கத்தான் சார் அங்க வாரேன்."

பிராங்கிளின் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்.

விமானத்தில் அமலன் சத்தம் போடவில்லை. காது அடைக்கிறதென்று சத்தம் போட்டவர் பிராங்கிளின்தான். கண்டியில் அமலன் கூட்டத்தைக் கண்டு மிரண்டான். மற்றவர்கள் ஏரியைச் சுற்றி வர, டீச்சர் அவனோடு வேனிலேயே உட்கார்ந்து பிஸ்கட் ஊட்டினாள். ஏரி ஜன்னல் வழியே தெரிந்த மட்டும் தெரிந்தது. அவள் அதற்காக வரவும் இல்லை.

கடைசி நாள் இல்லத்துக்குப் போனார்கள். நம் ஊரில் இதற்கென்று ஒரு பழக்கம் உண்டு. பிறந்தநாள், கல்யாணநாள் என்றால் இல்லத்துக்குப் போய், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, நம் கையால் சோறு போட்டு, ஒரு படமும் எடுத்துக்கொண்டு புண்ணியத்தோடு திரும்புவோம். பிராங்கிளின் அதே நினைப்பில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கரண்டியைத் தேடினார். இல்லத்தின் பொறுப்பாளர் ஜெயமேரி, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், சிரித்துக்கொண்டே தடுத்தாள்.

"இங்க விருந்தாளிகள் பரிமாறுறதில்லை ஐயா. எங்கட ஆக்கள்தான் பரிமாறுவினம். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

எல்லாரும் அசட்டுச் சிரிப்போடு வரிசையில் உட்கார்ந்தார்கள். இல்லத்துப் பிள்ளைகள் சோறு கொண்டுவந்தார்கள். டீச்சர் வழக்கம்போல அமலனுக்குப் பிசையத் திரும்பினாள். அதற்குள் ஜெயமேரி அவனை எழுப்பி, கையில் பருப்பு வாளியைக் கொடுத்துவிட்டாள்.

டீச்சர் வாளிக்குக் கை நீட்டினாள். "ஐயோ, அவனுக்குத் தெரியாதும்மா! கொட்டிருவான். குடு, நான் வாங்கிக்கிறேன்."

"கொட்டினால் அவரே துடைப்பார். நீங்கள் இருங்கோ அம்மா."

தன் பிள்ளையை ஒருவர் 'அவர்' என்று சொல்லி டீச்சர் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்!

அமலன் முதல் கரண்டியைப் பிராங்கிளினின் வெள்ளைச் சட்டையில் ஊற்றினான்.

"டீச்சர், பையனப் பிடிங்க!" என்று அவர் துள்ளி எழுந்தார்.

டீச்சர் பாதி எழுந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு, வாளியைப் பிடுங்கி, அவனைப் பக்கத்தில் உட்காரவைப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை. அப்போது அமலனின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைத் தேடவே இல்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்து, கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் தானாக யோசித்து அவள் பார்த்தது அன்றுதான். இத்தனை வருஷம் அதற்கு இடம் கொடுக்காதவள் தானேதான் என்பது அவளுக்கு உறைத்தது.

உட்கார்ந்தாள். மறுபடி எழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பருப்பு தரையிலும் விழுந்தது, தட்டிலும் விழுந்தது. போகப் போகத் தட்டில் அதிகம் விழுந்தது. அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

வேன் கிளம்பும்வரை ஜெயமேரியை அவள் விடவில்லை. எப்படித் தொடங்கினீர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் எப்படி விட்டீர்கள், அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று துளைத்து எடுத்தாள்.

மறு வருஷம் பணி ஓய்வு பெற்றதும் மேட்டுப்பட்டி வீட்டின் முன்னறையில் அதேபோல் ஓர் இல்லத்தைத் தொடங்கினாள். பகலில் மட்டும்தான். காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள், பேகம்பூரிலிருந்தும் வந்தார்கள். டீச்சர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: பெற்றவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது.

முதல் நாளே உள்ளே ஒரு பிள்ளை அழுதது. பேகம்பூர் நர்கீஸ் தன் மகன் குரலைக் கேட்டுக் கதவைத் தள்ளப் போனாள். வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே கவனித்துக்கொண்டிருந்த டீச்சர் எழுந்து குறுக்கே நின்றாள்.

"எம்புள்ள அழுகுறான் டீச்சர். பெத்த மனசு கேக்குமா?"

"கேக்காதும்மா. எனக்கும் கேக்கல. இப்படி எம்பக்கத்துல உக்காந்து நீயும் அழுதுக்க. உள்ள மட்டும் போகாத."