சூசைநாதன் படகில் ஏறிய லோரி என்ஜின்

இருதயமேரிக்குக் கூடப்பிறந்த ஆண் ஒருவர்தான், சூசைநாதன். மற்ற இரண்டும் பெண்கள். ஒருத்தியைத் தைப்பிங்கிலும் இன்னொருத்தியைக் கமுந்திங்கிலும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆக, மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் தாய்மாமன் என்று வந்து நிற்க இவரை விட்டால் ஆளில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

தெலுக் இந்தான் பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர் அவர். எழுபத்தெட்டில் எஸ்டேட்காரர்கள் பழைய லோரியைக் கழித்துக் கட்டியபோது, அதன் டீசல் என்ஜினை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இருதயமேரி மகள் ஜோனுக்கு ஆற்றின் அக்கரைக் கோயிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை மாமன்தான் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவும் தன் சொந்தப் படகில்தான் என்று தங்கையிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கியர் பெட்டியோடு என்ஜினைப் படகின் நடுவில் பொருத்தினார். ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காதென்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, படகின் அடியில் குழாயை ஓட்டி, குழாய்த் தண்ணீரை ஆறே குளிர வைக்கும்படி செய்தார். தண்ணீரைத் தள்ளப் பின்னால் மாட்டிய விசிறி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கொட்டகையில் வைத்து முடுக்கிப் பார்த்தபோது நின்றவர்களின் தொப்பியெல்லாம் பறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

தண்ணீரில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள் அவர் மனைவி பெட்ரீசியா. கல்யாணப் பெண்ணின் கால் படாமல் அந்த என்ஜின் ஆற்றில் ஓடக்கூடாது, அதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று காலையில் படகை ஆட்கள் தள்ளித்தான் ஆற்றில் இறக்கினார்கள்.

ஜோன் தலையில் நெட்டு முக்காடும் பூவுமாக, தாயோடும் சில பெண்களோடும் ஏறி உட்கார்ந்தாள். சூசைநாதன் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கியரைத் தட்டினார். படகு பின்பக்கமாகப் பாய்ந்து கரையோர நிப்பா பனைப் புதருக்குள் நுழைந்தது. மட்டையில் நெட்டு சிக்கிக்கொள்ள, பெண்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அதைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாவது கியர் போட்டார்; இன்னும் வேகமாகப் புதருக்குள் போனது.

பெண்ணின் தகப்பன் பெர்னார்ட் வாடகைப் படகில் சொந்தக்காரர்களோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், புள்ளய இங்க ஏத்திவிடுலா. சாமியாருக்கு இன்னொரு எஸ்டேட்டுல பூசை இருக்கு, காத்திருக்க மாட்டாரு."

சூசைநாதன் முகம் செத்துப்போயிற்று. விசிறியின் இதழ்கள் மாற்றுப் பக்கம் முறுக்கியவை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் இறங்கப் போனார். ஜோன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சின்ன வயதிலிருந்து மாமன் லோரியில் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள் அவள்.

"மாமா, கோஸ்தான் கியரு போடுங்க. அப்ப முன்னால போவுமில்ல?"

லோரியைப் பின்னால் எடுக்கும் கியர் அது. போட்டார். படகு சாதுவாக முன்னால் நகர்ந்தது. ஆனால் ஆமை வேகம். என்ஜினோ மலை ஏறும் லோரிபோல உறுமியது. பெர்னார்ட் தலையில் அடித்துக்கொண்டு, சாமியாரைப் பிடித்து நிறுத்த முன்னால் போனார்.

அக்கரையில் சாமியார் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாராம். பெர்னார்ட் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே ஆற்றில் அந்த உறுமல் கேட்டதாம். ஆற்றில் லோரி எப்படி வருகிறது என்று பார்க்க அவரும் வண்டியை விட்டிறங்கிக் கரைக்கே நடந்து வந்துவிட்டார். பார்த்துக்கொண்டு நின்றதில் புறப்பட வேண்டியதையே மறந்துபோனார். மாப்பிள்ளை வீட்டார், கோயில் பிள்ளை, சமையல்காரர்கள் எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள். படகு வந்து சேரும்வரை யாரும் நகரவில்லை.

சூசைநாதன், முழங்கை வரை கிரீஸோடு, ஜோனின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். சட்டையைப் பார்த்து இருதயமேரிக்கு வெட்கம். ஆனாலும் அண்ணனை ஒட்டியே நடந்தாள்.

பூசை முடிந்து விருந்துக்குத் திரும்பும்போது பெர்னார்ட் வாடகைப் படகுக்காரனை அனுப்பிவிட்டு, மச்சான் படகில் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"கோஸ்தானுலயே போ மச்சான்," என்றார். "இப்ப எனக்கு என்னா அவசரம்."