டில்லிக்குப் போகிறவரும் நாலாம் பாரமும்

மங்கை, தங்கராசு... இரண்டு பேரும் இதை முதலில் படித்துவிடுங்கள். உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அச்சில் வந்த பிறகு, எங்களைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்று சண்டைக்கு வரக் கூடாது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் என்னிடம் பதில் கிடையாது. கேள்விதான் இருக்கிறது. அதுவும் என்னுடையது இல்லை – என் மகள் மங்கை கேட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரே கூட்டம். நான் பஸ் கம்பெனி ஏஜெண்டு. டிக்கெட் கிழிப்பது, மூட்டைக்கு இடம் காட்டுவது, வண்டி வராவிட்டால் திட்டு வாங்குவது – மூன்றுக்கும் சம்பளம் ஒன்றுதான். அன்றைக்குக் கூட்டம் வண்டிக்காக இல்லை. ரெத்தினசாமி அண்ணனை வழியனுப்ப.

ரெத்தினசாமி அண்ணன் யார் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பஞ்சாயத்து போர்டுக்குத் தலைவர். திருச்சியில் இருக்கிற ஜில்லா போர்டிலும் மெம்பர். கோடை வந்தால் பொதுக் கிணற்றைத் தூர் வார ஆள் கூட்டுவார். மண்ணெண்ணெய் வராத மாதம் தாலுகா ஆபீஸில் போய் நின்று வாங்கி வருவார். கோபம் கொஞ்சம் அதிகம். மற்றபடி நல்ல மனுஷர்.

அவர் அரியலூருக்குப் போய் ரயில் ஏறித் திருச்சிக்குப் போகிறார். எதற்கு? இனிமேல் ஏழை பணக்காரன், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று டில்லியில் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்களே – அந்தத் தேர்தல் வரும்போது பார்லிமெண்டுக்கு நிற்க அவருக்கு ஆசை. கட்சி ஆபீஸில் இப்போதே பெயரைச் சொல்லி வைக்க வேண்டுமாம்.

கழுத்து நிறைய மாலை. தங்கராசு என் வேட்டியைப் பிடித்து இழுத்து, டில்லிக்கு இந்த பஸ்ஸே போகுமா என்று கேட்டான். இல்லை, அரியலூரோடு நின்றுவிடும் என்றேன். அப்படியென்றால் கிணற்றைத் தூர் வார அவர் எப்படித் திரும்பி வருவார் என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்துவிட்டேன்.

டிரைவர் காதர் பாய் வண்டிக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு எழுந்தார். என் காதோடு சொன்னார்.

"மால போட்டவன எல்லாம் பாத்தியா ஏஜெண்டு? அவரு போனா அந்த நாற்காலியில யாரு ஒக்காரப் போறானோ, அவன் வாங்கியாந்த மாலதான் இருக்கிறதுலயே பெரிசு. நூறு வருஷம் ஹயாத்தா இருக்கட்டும்னு துஆ செஞ்சு வேண்டுறான், ஆனா டில்லியிலயே இருக்கட்டும்னு."

கூட்டத்தை மறுபடி பார்த்தேன். யார் அன்பால் வந்தவர், யார் நாற்காலிக்காக வந்தவர்... கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லார் முகத்திலும் ஒரே சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் காரணம் வேறு. அன்றைக்கே திருச்சியில் ஜில்லா போர்டு கூட்டம். எங்கள் ஊர் பள்ளிக்கூடம் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, முடிந்துவிடுகிறது. நாலாம் பாரம் வைக்க வேண்டும் என்று போர்டில் தீர்மானம் கொண்டுவருவதாக ரெத்தினசாமி அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ரூம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, ஒரு வாத்தியாரும் உத்தரவும் வந்தால் போதும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். மங்கை மூன்றாம் பாரம் பாஸ். நாலாம் பாரம் எங்கள் ஊருக்கு வந்தால் அவள் மேலே படிப்பாள். வராவிட்டால்?

வராவிட்டால் பெரம்பலூர் ஹைஸ்கூலுக்கு தினமும் பஸ்ஸில் போக வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிப் போய் வந்தது கிடையாது. தாவணி போட்ட பெண்ணை ஆம்பளைகளோடு ஆம்பளையாக வண்டியில் ஏற்றி அனுப்புவதா என்று உங்கள் அம்மா கேட்டாள். சொந்தக்காரர்களும் கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அண்ணன் நாலாம் பாரம் வாங்கி வந்துவிடுவார், இந்தப் பேச்சே எதற்கு என்றேன். ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறவன், சொந்தப் பெண்ணுக்கு ஒரு டிக்கெட்...

புதன்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போர்டு கூட்டம் நடந்ததாம். எங்கள் ஊர் தீர்மானம் வரவில்லையாம். கொண்டுவர வேண்டியவர் கூட்டத்துக்கே வரவில்லையாம். அதே திருச்சியில், கட்சி ஆபீஸ் வாசலில் இருந்திருக்கிறார்.

அப்போதுதான் மங்கை அந்தக் கேள்வியைக் கேட்டாள். அழவில்லை. கோபமும் இல்லை. பரீட்சைக்குச் சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"ஏம்ப்பா, பள்ளிக்கூடம் குடுக்கிற எடம் ஜில்லா போர்டுதானே? அவரு அங்கதானே இருக்காரு? அப்புறம் எதுக்கு டில்லிக்குப் போறாரு?"



என் படிப்பு கொஞ்சம்தான். இருந்தாலும் பத்திரிகை படிக்கிறேன் இல்லையா, யோசித்துப் பார்த்தேன். ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி – ஜில்லா போர்டு. நெல்லு, போலீஸ் – சென்னை. டில்லியில் என்ன இருக்கிறது? பட்டாளம், ரயில், தபால். பெரம்பலூர்ப் பக்கம் பட்டாளம் கிடையாது. ரயிலும் கிடையாது. மிச்சம் இருப்பது தபால் பெட்டி ஒன்று. அதற்காகவா ஒரு மனுஷர் இத்தனை மாலை போட்டுக்கொண்டு போவார்?

பெருமைக்காகப் போகிறார் என்று காதர் பாய் சொன்னார். தேசத்துக்காகப் போகிறார் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார், ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அங்கே சம்பளம் உண்டாமே என்று உங்கள் அம்மா சொன்னாள். மூன்றும் சரி என்று தோன்றியது. மூன்றும் தப்பு என்றும் தோன்றியது.

சரி, அவரையே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

சிறுவாச்சூர்க் காளி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை ஸ்பெஷல் வண்டி விடுவோம். கூட்டத்தை ஒழுங்கு பார்க்க நானும் போவேன். அந்தக் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மற்ற நாளெல்லாம் அம்மன் மலைமேல் இருப்பதாக நம்பிக்கை. அன்றைக்கு ரெத்தினசாமி அண்ணனும் சம்சாரத்தோடு வந்திருந்தார். அர்ச்சனை முடிந்து, சம்சாரம் வளையல் கடைக்குப் போன நேரம், அவர் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். நான் போய்க் கும்பிட்டேன்.

சுற்றி வளைக்கவில்லை. போர்டு கூட்டத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"போயிருந்தா தோத்திருக்கும் தம்பி. பாதிப் பேருகூட கை தூக்க மாட்டான். அவனவன் ஊருக்கு அவனவன் கேக்கிறான்."

"தோத்தா என்னங்கண்ணே, அடுத்த கூட்டத்துல மறுபடி வைக்கிறது."

"ஒனக்கு ஈசியாப் போச்சு. ஒரு நாலாம் பாரம் வாங்கத் தெரியாதவன் டில்லியில போயி என்னத்த வாங்கிடப் போறான்னு அன்னிக்கே எவனாவது கட்சி ஆபீஸ்ல போட்டுக் குடுத்துடுவான். அதான் வைக்கல. வைக்காத வரைக்கும் தோல்வி இல்ல பாரு."

பிள்ளைகளே, இதை நான் இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெரிய காரியம் செய்யப் போக வேண்டும். அப்படிப் போக வேண்டுமானால் சின்னக் காரியத்தில் தோற்கக் கூடாது. தோற்காமல் இருக்க வேண்டுமானால் சின்னக் காரியத்தைத் தொடவே கூடாது... கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் விடை எங்கே?

அண்ணன் கோயில் பக்கம் கையைக் காட்டினார். கூட்டம் ரோடு வரை நின்றது.

"அங்க பாரு. வாரத்துல ரெண்டு நாளுதான் நட தொறக்குது. எத்தன ஊரு சனம். நம்ம தெருவுல மாரியாத்தா கோயிலு நித்தம் தொறந்து கெடக்கு. எவன் நிக்கிறான்? போற போக்குல ஒரு கும்பிடு. நான் அந்தத் தெருக் கோயிலு மாதிரிதான் தம்பி. எப்பவும் இருக்கேன். கெணறு வத்துனா நான், மாடு வயல்ல எறங்குனா நான், புருஷம்பொண்டாட்டி சண்டைக்கும் நான். சோத்துல கை வச்சா வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். ஆனா போர்டு ஆபீஸ்ல கிளார்க்கு என்னை ஒக்காரச் சொல்ல மாட்டேங்கிறான். நாளைக்கே டில்லியில இருந்து நான் ஒரு கடுதாசி போட்டா, அதே கிளார்க்கு எந்திரிச்சு நின்னு பிரிப்பான். நாலாம் பாரம் என்ன, ஆறாம் பாரம் வரைக்கும் வரும்."

இதைக் கேட்டதும் நான் போன வேலையே மறந்துவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது பொய் இல்லை. அந்த கிளார்க்கை நானும் பார்த்திருக்கிறேன். தூரத்தில் இருக்கிறவருக்கு இருக்கிற மதிப்பு பக்கத்தில் இருக்கிறவருக்குக் கிடையாது. அப்படியென்றால் இந்த மனுஷர் டில்லிக்குப் போக ஆசைப்படுவது டில்லிக்காக இல்லை. எங்கள் ஊரிலேயே பெரிய ஆளாக இருப்பதற்குத்தான் டில்லிக்குப் போகிறார். ஊரில் மதிப்பு வேண்டும் என்று ஊரை விட்டுப் போவது... இது தப்பா? அவரைத் தெருக் கோயிலாக வைத்திருந்தது யார்? நாங்கள்தானே?

ஆனாலும் மங்கையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"எப்பங்கண்ணே அந்தக் கடுதாசி வரும்?"

"தேர்தல் வரணும்ல. அடுத்த வருஷமோ, அதுக்கு மறு வருஷமோ."

"மங்கைக்குத் திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது. அது நடிப்பு இல்லை. மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"பாப்பாவுக்குக் குடு. நல்லா வரும்."

அதற்குள் சம்சாரம் வந்துவிட்டார். வேறு யாரோ ஒருவரும் பின்னாலேயே வந்து, வரப்புத் தகராறு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அவரைக் குறை சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் அவர் அங்கே போனால் ஒருவேளை நாலு ஊருக்கு நல்லது நடக்கலாம். நடக்காமலும் போகலாம். நாளைக்கு எனக்கு ஓட்டு வரும்போது அவருக்குப் போடுவேனா? தெரியவில்லை. போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. டில்லியிலிருந்து கடுதாசி வருகிற வரைக்கும் மங்கைக்கு வயது நிற்காது. ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டால் பிறகு பள்ளிக்கூடப் பேச்சு போய்க் கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். நாலாம் பாரம் இந்த வருஷம் வராது, மங்கை பெரம்பலூருக்குப் போகட்டும், முதல் நாள் நானும் கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"காதர் பாய் வண்டியா?"

"ஆமா."

"போறப்பவும் வரப்பவும்?"

"ரெண்டு வேளையும் அவருதான்."

"அப்ப வெள்ளனே சோறு வடிக்கணும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

மங்கை, நீ அப்போது கதவுக்குப் பின்னால்தான் நின்றாய். எனக்குத் தெரியும். அதனால் மேலே எழுதியது உனக்குப் புதிதில்லை. உன் கேள்விக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணன் எதற்கு டில்லிக்குப் போகிறார்? போர்டு ஆபீஸில் கிளார்க் உட்காரச் சொல்லாத நாற்காலிக்காக என்று எழுதலாமா? பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை நீ படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷெட்டில் யாரும் இல்லை. வண்டி சும்மா நின்றது. ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு ஆணி துருத்திக்கொண்டு இருந்தது. எத்தனையோ பேர் வேட்டியைக் கிழித்துக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறார்கள். நானும் திருச்சி ஹெட் ஆபீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

சுத்தியலை எடுத்து வந்து நாலு போடு போட்டேன். ஆணி உள்ளே போய்விட்டது.

விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன் – தாவணி மாட்டாது.